"ஆர் பார்த்தது?" – மான் வேட்டையும் இரு நாட்டுச் சட்டங்களும்



சென்ற மாத ஒலிபரப்பில் மான் வேட்டைச் சட்டம் பற்றி நான் பேசிய பத்து நிமிடம் போதவில்லை என்று சிலர் தொலைபேசியில் சொன்னீர்கள். சைவ உணவுக்காரரான நேயர் ஒருவர் மட்டும், "கொலை செய்வதற்கும் வானொலியிலை பாடம் எடுக்க வேணுமோ?" என்று கோபித்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விரிவான எழுத்து.

விடயம் ஒரு வீட்டு விருந்தில் தொடங்கியது. ஸ்தவாங்கரில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருவன், வேலைத்தல நண்பர்களோடு ரிஃபில்கே பக்கம் மான் வேட்டைக்குப் போயிருந்தான். அவர்களின் குழுவுக்கு மிஞ்சியிருந்த அனுமதி ஒரேயொரு கன்றுக்கு. அவன் சுட்டது ஒன்றரை வயதுப் பெண்மான். மாலை மங்கலில், பக்கத்தில் வேறு மான் இல்லாமல் தனியே நின்றதை அளவு மட்டிட்டதில் வந்த பிழை. கிட்டப் போய்ப் பார்த்ததும் குழுத் தலைவருக்குச் சொன்னான், அன்றிரவே கொமூனுக்கும் அறிவித்தார்கள். இறைச்சி கைவிட்டுப் போனது. பையன் வெறுங்கையோடு வந்து சேர்ந்தான்.

தாய்க்கு இது பிடிபடவேயில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "காட்டுக்குள்ளை ஆர் பார்த்தது தம்பி? நீயாப் போய் ஏன் சொன்னனீ?"

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். தொழிலால் நான் கணக்காளன். அந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன், பெரும்பாலும் ஆண்டு முடிவில்! ஆனால் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் களவு, பொய் அறியாத மனுசி. அவர் வாயில் அந்தக் கேள்வி எப்படி வந்தது? அந்தப் பிள்ளைக்கு அது ஏன் தோன்றவேயில்லை? இரண்டுக்கும் வரலாறு இருக்கிறது.

எங்கள் பக்கத்து வரலாற்றை முதலில் பார்ப்போம்.

வன்னியில் உறவினர் இருந்த எவருக்கும் மரை வத்தல் தெரியாமல் இருக்காது. சிறுவனாக ஒட்டுசுட்டான் பக்கம் மாமா வீட்டுக்குப் போன நாட்களில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய இறைச்சிக் கொடியை நான் பார்த்திருக்கிறேன். இடியன் துவக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எப்போதாவது விசாரிக்க வரும் உத்தியோகத்தரும் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடுதான் திரும்புவார். மானைச் சுடுவது சட்டத்துக்கு மாறு என்று தெரியாதவர் இல்லை. பாவம் என்று சொன்ன கிழவிகளும் இருந்தார்கள். ஆனால் களவு என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. சட்டம் என்பது கச்சேரியிலிருந்து வரும் ஒன்று, மழையைப் போல. வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், விட்டால் வேலையைப் பார்க்க வேண்டும்.

ஏன் அப்படி ஆயிற்று?

1840 ஆம் ஆண்டு பிரித்தானியர் இலங்கையில் முடிக்குரிய காணிகள் பற்றிய 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று அது அனுமானித்தது. ஊரவர் தலைமுறையாக விறகு எடுத்த, தேன் எடுத்த, சேனை வெட்டிய, மான் அடித்த காடு ஒரு கையெழுத்தில் அரசாங்கத்தின் சொத்தாகியது. கணக்கு மொழியில் சொன்னால், ஊரின் ஐந்தொகையில் இருந்த பெரிய சொத்து ஒன்று ஊரைக் கேட்காமலே வேறு புத்தகத்துக்கு மாற்றப்பட்டது.

அந்தக் காட்டில் புதிய உரிமையாளர்கள் என்ன செய்தார்கள்? மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். தெய்வம் பார்த்துக் கொடுத்த கூலி என்று சனங்கள் பேசிக்கொண்டார்களாம். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டத்தை ஏவி, மலைக்காட்டு மரைகளை ஓட ஓடத் துரத்தி, ஆற்றில் மறித்துக் கத்தியால் குத்திக் கொல்வதை வீர விளையாட்டாகச் செய்தார். 1854 இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அதைப் பெருமையோடு எழுதியும் வைத்தார்.

இங்கே ஒரு இடைச்செருகல். இலங்கை ஆங்கிலேயர் எங்கள் மரைக்கு வைத்த பெயர் 'எல்க்'. நோர்வேயின் 'எல்க்' முற்றிலும் வேறொரு விலங்கு என்பதை இங்குள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லும். பேக்கரின் புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைகள் நுவரெலியாவில் இந்தப் பெரிய மூக்குக்காரர் திரிந்ததாக எண்ணிவிட வேண்டாம்!

விலங்குகள் அருகத் தொடங்கியதும் சட்டங்கள் வந்தன. யானை, எருமை முதலியவற்றை வீணே அழிப்பதைத் தடுக்க 1872 இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1894 இல் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1900 இல் யால ஒதுக்கிடமானது. அதன் ஒரு பகுதிக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: 'வதிவிட விளையாட்டு வேட்டைக்காரரின் ஒதுக்கிடம்'. அதாவது துரைமார் பொழுதுபோக்காகச் சுடுவதற்கென்று மான்கள் காக்கப்பட்டன. 1905 இல் வில்பத்து, 1909 இல் இன்னொரு வேட்டைச் சட்டம், 1937 இல் இன்றுவரை பல திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கும் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். யாலவும் வில்பத்துவும் 1938 இல் தேசிய பூங்காக்களாயின. இந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் இன்று மரையும் சிறுத்தையும் மிஞ்சியிருக்குமோ தெரியாது. அந்த நன்றியை மறைக்கக்கூடாது. ஆனால் கொழுக்க அடித்தவன் சட்டம் எழுத, சோற்றுக்கு அடித்தவன் குற்றவாளியானான் என்பதையும் மறைக்கக்கூடாது.

யாலவின் முதல் காவலர் ஒரு நாடற்ற மனிதர் என்பது எம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான செய்தி. எங்கெல்பிரெக்ட் என்ற அந்தப் போவர், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போர்க்கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. பிறகு அதே முடியின் மான்களைக் காவல் காத்தார். முதலாம் உலகப் போரில் எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் சிறைக்கும் போனார். அது பொய் என்று பின்னர்தான் தெளிவாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் போக்கு முற்றாக மாறவில்லை. 1983 இல் மதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது, வேடர் சமூகம் தலைமுறைகளாக வேட்டையாடிய காடு ஒரே நாளில் அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாகியது. குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமி தம்பானையை விட்டு அசைய மறுத்து, 1998 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வள்ளியம்மையை மான் ஈன்றாள், வேடர் வளர்த்தார் என்று கதிர்காமத்தில் உருகி நிற்கும் நாங்கள், அந்த வேடர் காட்டுக்குள் போனால் கைது என்பதைப் பற்றி எத்தனை முறை கவலைப்பட்டிருக்கிறோம்?

இனி நோர்வேக்கு வருவோம்.

பழைய ஐரோப்பாவில் மான் பெரும்பாலும் அரசனுடையது, பிரபுவினுடையது. இங்கிலாந்தில் 1723 இல் வந்த 'கறுப்புச் சட்டம்' முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் காட்டுக்குள் நுழைந்தவனுக்கு மரண தண்டனை விதித்தது. அது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அந்தச் சிந்தனையோடு வளர்ந்தவர்கள்தான் இலங்கைக் காட்டுக்கும் சட்டம் எழுதினார்கள்.

நோர்வேயின் கதை வேறு. 'சட்டத்தைச் சீர்செய்தவர்' என்று பெயர் பெற்ற மக்னுஸ் மன்னரின் 1274 ஆம் ஆண்டு நாட்டுச் சட்டத்திலேயே, பிறர் நிலத்தில் சறுக்குப் பலகையில் போய் எல்க்கை வேட்டையாடுவதற்கு எதிரான விதி இருந்தது. ஆழ்ந்த பனியில் எல்க் புதையும், சறுக்குபவன் புதையமாட்டான். அதை நியாயமான போட்டி என்று அவர்கள் கருதவில்லைப் போலும். பிற்காலத்தில் இங்கே பிரபுக்கள் மிகச் சிலரே இருந்தார்கள். 1821 இல் பிரபுப் பட்டத்தையே சட்டத்தால் ஒழித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலான கமக்காரர் தங்கள் காணிக்குத் தாங்களே சொந்தக்காரர். 1899 ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், வேட்டை உரிமை நிலச் சொந்தக்காரனுக்கே என்று உறுதிப்படுத்தியது.

இதன் பலனை எங்கள் மாவட்டத்திலேயே பார்க்கலாம். சுல்டாலுக்குச் சுற்றுலா போனவர்கள் ஆற்றங்கரையில் 'சால்மன் மாளிகை' என்ற வெள்ளை வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வோல்ட்டர் ஆர்ச்சர் என்ற பிரித்தானியச் செல்வந்தர் 1885 இல் கட்டியது. நுவரெலியாவில் மரையைத் துரத்திய அதே வர்க்கம்தான். ஆனால் இங்கே அவர்கள் மீன்பிடி உரிமையை ஆற்றோரக் கமக்காரரிடம் காசு கொடுத்துக் குத்தகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அங்கே துரைக்கு ஊரவன் தலைச்சுமை காவினான். இங்கே கமக்காரன் குத்தகைப் பணத்தை எண்ணி வாங்கினான். இந்த ஒரு வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதற்காக இந்த நாட்டவர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று எண்ணவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'யொர்ட்' எனப்படும் செம்மானை இவர்களும் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். ஹித்ரா தீவிலும் மேற்குக் கரையின் வேறு சில மூலைகளிலும்தான் அது மிஞ்சியது. 1845 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கையால் மானுக்குப் பாதுகாப்புக் காலம் கொடுத்தது, மறு கையால் கரடி, ஓநாய்களின் தலைக்குப் பணம் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில நூறு செம்மான்கள்தான் சுடப்பட்டன. 2020 களில் அது ஆண்டுக்கு 40,000 ஐத் தாண்டி நிற்கிறது. இவ்வளவு சுட்டும் மான் குறையவில்லை. ஓநாய் இல்லாமற்போனதும், காட்டில் மாடு மேய்ப்பது நின்றதும், எதைச் சுடலாம், எத்தனை சுடலாம் என்று பிரித்துக் கணக்கு வைத்ததும் இதற்குக் காரணங்கள்.

அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போகமுடியாது! 1981 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழைய முறையைத் தலைகீழாக்கியது. முன்பு தடை செய்யப்படாததெல்லாம் சுடலாம் என்றிருந்தது. இப்போது எல்லா விலங்கும் பாதுகாக்கப்பட்டவை, அனுமதித்ததை மட்டுமே சுடலாம். ஒரு மானுக்கு எவ்வளவு நிலப்பரப்பு என்பதைக் கொமூன் நிர்ணயிக்கும். காணிக்காரர் தங்கள் நிலங்களைச் சேர்த்து ஒரு வேட்டைப் பகுதியாக்கி விண்ணப்பிப்பார்கள். கன்று இத்தனை, பெண் இத்தனை, ஆண் இத்தனை என்று அனுமதி வரும். செம்மானுக்குக் காலம் செப்டெம்பர் 1 முதல் டிசெம்பர் 23 வரை. விழுந்த ஒவ்வொரு மானுக்கும் கொமூனின் வனவிலங்கு நிதிக்குக் கட்டணம் போகும். பருவம் முடிய அறிக்கை கொடுக்க வேண்டும். வேட்டைக்காரர் பதிவேடு நெடுங்காலம் புரொன்னய்சுண்டில் இருந்தது. நாங்கள் கம்பனிகளின் ஆண்டுக் கணக்கை அனுப்புகிற அதே இடம்!

வேட்டைக்காரனும் சும்மா துவக்கைத் தூக்க முடியாது. 1986 முதல் வேட்டைப் பரீட்சை கட்டாயம். அதற்கு முன் 30 மணி நேர வகுப்பு. பெரிய விலங்குகளுக்குப் போவதென்றால் ஆண்டுதோறும் 30 பயிற்சிச் சூடு, பிறகு ஐந்து சூடும் குறித்த வட்டத்துக்குள் விழ வேண்டும். காயப்பட்ட மானைத் தேடிக் கண்டுபிடிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மோப்பநாய் ஒன்று அழைத்தவுடன் வரக்கூடியதாக இருக்க வேண்டும். காயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போவது பெரிய குற்றம். எங்கள் ஊர்க் கட்டுத்துவக்கு போன்ற தானே வெடிக்கும் பொறிகளுக்கு இங்கே இடமே இல்லை. அது மான் என்றும் பார்க்காது, விறகுக்குப் போன மனிசர் என்றும் பார்க்காது. வன்னியில் அதில் கால் இழந்தவர்களை எங்களில் பலர் அறிவோம்.

இவ்வளவு விதி இருந்தும் காட்டுக்குள் காவலர் கிடையாது. நூறு வேட்டைக்குப் போனாலும் ஒரு அதிகாரியைக் காண்பது அரிது. முறைமை நிற்பது சுட்டவன் வாயில்தான். பிழையாகச் சுட்டால் தானாக அறிவிக்க வேண்டும். இறைச்சியோ அதன் பெறுமதியோ பொது நிதிக்குப் போகும். கவனயீனம் இல்லையென்றால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இது கெட்டித்தனமான ஏற்பாடு. பிழையால் இலாபமும் இல்லை, உண்மை சொன்னதால் அழிவும் இல்லை. அந்தப் பிள்ளை தொலைபேசியை எடுத்தது இந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்ததால்தான். அவனுடைய குழுவில் இருந்த காணிக்காரருக்கு அந்தக் கணக்குப் பிழைத்தால் அடுத்த வருட அனுமதி பிழைக்கும். மான் அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது.

இதற்கு எதிர்ச்சான்றும் இந்த நாட்டிலேயே உண்டு. எல்வெரும் பக்கத்தில் ஓநாய்களைச் சட்டவிரோதமாக வேட்டையாட முயன்றதற்காக 2014 இல் சிலர் பிடிபட்டார்கள், 2015 இல் தண்டிக்கப்பட்டார்கள், 2016 இல் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மான் கணக்கில் ஒரு கன்றும் பிழைக்காமல் பார்க்கும் சமூகத்தில்தான் இதுவும் நடந்தது. கேட்டால், ஓநாயைக் காப்பது ஒஸ்லோவில் இருப்பவர்கள் எழுதிய சட்டம், ஆடு இழப்பது நாங்கள் என்று அந்தப் பக்கத்தில் பலர் சொல்வார்கள். வன்னிக் குரல் போலவே கேட்கிறதல்லவா!

ஆகவே ஊரவரைக் கேட்காமல் மேலிருந்து வந்த சட்டம் காட்டுக்குள் போனதும் செத்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். தமிழனோ நோர்வேஜியனோ வேறுபாடு இல்லை. அந்தத் தாயின் கேள்விக்கு விளக்கம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் விளக்கத்தை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அநியாயமானது என்பதற்காக, கண்ணியில் கழுத்து இறுகி இரவு முழுக்கத் துடித்த மரைக்கு வலி குறைந்திருக்காது. மாமா வீட்டு வத்தலை நான் ருசித்துச் சாப்பிட்டேன். அது எப்படிச் செத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கோபித்த சைவ நேயருக்கு ஒரு வார்த்தை. எங்கள் இதிகாசங்கள் வேட்டையை ஒரேயடியாக விலக்கவில்லை, ஆனால் விதி மீறிய வேட்டையை மன்னிக்கவும் இல்லை. மான் உருவில் துணையோடு கூடியிருந்த முனிவரைப் பாண்டு எய்தபோது, மான் கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, கூடும் வேளையில் கொன்றாயே என்றுதான் முனிவர் சபித்தார். தசரதன் இருட்டில், தண்ணீர் மொள்ளும் சத்தத்தை யானை என்று நினைத்து எய்து, குருட்டுப் பெற்றோரின் ஒரே பிள்ளையைக் கொன்றான். இலக்கைக் கண்ணால் கண்டு உறுதி செய்யாமல் சுடாதே என்பதுதான் இங்கே வேட்டை வகுப்பிலும் முதல் பாடம். பாண்டுவின் விடயத்தில் நோர்வேயும் தேறாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் செம்மான் கூடும் காலம், வேட்டைக் காலமும் அதுவே. இன்னொன்றும் உண்டு. தாயும் கன்றும் சேர்ந்து நின்றால் கன்றை முதலில் சுட வேண்டும், அநாதையாய் அலைய விடக்கூடாது என்பது இவர்களின் ஒழுக்கம். கேட்கவே வயிற்றைப் பிசையும். யோசித்தால் நியாயம் தெரியும். யோசித்த பிறகும் பிசைகிறது.

எம்மவரில் சிலருக்கு ஒரு மயக்கம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1957 ஆம் ஆண்டு வெளிக்கள வாழ்வுச் சட்டப்படி காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். அந்த உரிமையில் வேட்டை அடங்காது. வீதியில் வாகனம் மோதி இறந்த மானையும் காரில் ஏற்றிக்கொண்டு வர முடியாது. பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். யாராவது மலிவு விலையில் மான் இறைச்சி கொண்டுவந்தால், எந்தக் குழு, எந்தக் கொமூன் என்று கேளுங்கள். நேர்மையாகச் சுட்டவன் மகிழ்ச்சியோடு சொல்வான். சொல்லத் தொடங்கினால் நிறுத்தவும் மாட்டான்.

மறு வருடம் அந்தப் பிள்ளைக்கு அனுமதிப்படி ஒரு கன்று கிடைத்தது. தாய் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்து எனக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினார். பின்னாலேயே தொலைபேசியும் வந்தது: "அண்ணை, கணக்கிலை ஏறின கன்றுதான். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ. உப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."